பாதியைக் காணவில்லை

ஜூன் 3

வந்துவிட்டது! கடைசியில் வந்தேவிட்டது!

புது சர்வரை மூன்று பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்கினார்கள். சங்கத்து மாடிப்படி குறுகல். திரும்புகிற இடத்தில் சுவரில் இடித்துவிடப் போகிறார்களே என்று நான் பின்னாலேயே "பாத்து, பாத்து" என்று கத்திக்கொண்டு ஏறினேன். "உள்ள பச்சப்பிள்ளையா மேடம் இருக்கு?" என்று கேட்டார் தூக்கினவர்களில் ஒருவர். கிளீட்டஸ். 'கடல் விண்மீன்' படகின் டிரைவர். தடைக்காலம், கடலுக்குப் போக முடியாது. அதனால் கரையில் நின்று என்னை மாதிரி ஆட்களைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருக்கிறார். பச்சப்பிள்ளைதான். அதற்கு என்ன இப்போது?

புது டைரி என்பதால் முறையாக எழுதிவிடுகிறேன். சவேரியார்துறை விசைப்படகுச் சங்கத்தின் கட்டுப்பாட்டு அறையில் கம்ப்யூட்டர் பொறுப்பு எனக்கு. பெயர் இமாகுலேட், எல்லோருக்கும் இமா. ஒவ்வொரு படகிலும் ஒரு கருவி இருக்கிறது. படகு எங்கே நிற்கிறது என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். சர்வர் அதை வாங்கி, சுவரில் இருக்கிற பெரிய திரையில் புள்ளியாகக் காட்டும். ஒரு படகுக்கு ஒரு புள்ளி.

போன ஐப்பசியில், நல்ல காற்று அடித்த ஒரு மத்தியானம், பழைய சர்வர் அப்படியே நின்றுபோனது. புள்ளிகள் எல்லாம் ஒரே நொடியில் காணாமல் போயின. படகுக்காரர்களின் வீட்டுப் பெண்கள் மாடிப்படி முழுக்க நின்றார்கள். அணைத்துப் போட்டதும் எல்லாம் திரும்பி வந்தது, ஆட்களும் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள். ஆனால் அந்த நேரத்தில் அந்தப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவே மாட்டேன். பிறகு தோண்டிப் பார்த்தால் காரணம் ஒரே ஒரு மெமரி. தலை வாருகிற சீப்பு அளவுகூட இல்லாத ஒரு தகடு!

பொதுக்குழுவில் முடிவு போட்டுவிட்டார்கள். புது சர்வர் வாங்கலாம். அதுவும் ஒரு தடவை நின்றால் அறையைப் பூட்டிவிட வேண்டியது. பூட்டினால் என் வேலை போகும். அது சின்ன விஷயம். (பொய். பெரிய விஷயம்தான்.) ஆனால் அதைவிடப் பெரியது, கடலில் யார் எங்கே என்று கரையில் ஒருவருக்கும் தெரியாமல் போகும்.

ஆகவே இந்தத் தடவை ஒரு மெமரி செத்தாலும் நிற்காத சர்வர். பதினைந்தாம் தேதி தடை முடிந்து எல்லாப் படகும் ஒன்றாகப் புறப்படும். அதற்குள் தயாராக வேண்டும்.

ஜூன் 4

இன்று உள்ளே கை வைத்தேன்!

செருப்பைக் கழற்றி, முடியை இறுக்கிக் கட்டி, மணிக்கட்டில் மின்சாரப் பட்டையை மாட்டி அதன் வயரைச் சர்வரின் இரும்பில் கவ்வவைத்தேன். நம் உடம்பில் இருக்கிற துளி மின்சாரம் போதும், மெமரி செத்துப்போகும். ரேடியோ பார்க்கிற ரோஸ்லின் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ள, ஒன்னயே கட்டிப் போட்டிருக்கு?" என்றார்.

மெமரிகளைத் தோன்றிய இடத்தில் சொருகக் கூடாது. வெள்ளைத் தாழ்ப்பாள் வைத்த பள்ளங்களில் முதலில், கறுப்பில் பிறகு. இந்தப் பக்கம் ஒன்று என்றால் அதற்கு ஜோடி அந்தப் பக்கம். இரண்டு ஓரத்தையும் கட்டைவிரலால் ஒன்றுபோல அழுத்தினால் தாழ்ப்பாள் தானாக எழும்பி 'டக்' என்று கவ்வும். அந்தச் சத்தம் இருக்கிறதே! எனக்கு வளையல் சத்தத்தைவிட அது பிடிக்கும். அம்மாவிடம் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வாள்.

எல்லாம் சொருகி, மிரர் முறையைப் போட்டால் சர்வர் மாட்டேன் என்கிறது. மிரர் என்றால், எழுதுவதை எல்லாம் இரண்டு மெமரியில் ஒரே நேரத்தில் எழுதும். ஒன்று செத்தால் மற்றது அந்த நொடியே கை கொடுக்கும். அதற்கு ஜோடிகள் அச்சாக ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்று மட்டும் வேறு வகை! கடைக்காரன் கலந்து கட்டி அனுப்பியிருக்கிறான். அளவு ஒன்றுதான், ஜாதகம் வேறு. ஜோடி சேருமா?

ஜூன் 5

கடைக்காரன் போனை எடுக்கவில்லை. மூன்று வேளையும் அவனைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன்.

ஜூன் 6

எடுத்தான். கூரியரில் அனுப்பினால் பத்து நாளாகுமாம். நேரில் மதுரைக்கு வந்தால் உடனே மாற்றித் தருவானாம். நான் அறையை விட்டு நகர முடியாது, திரைக்கு வயர் இழுக்க ஆட்கள் வருகிறார்கள்.

படிக்கட்டில் உட்கார்ந்து ரோஸ்லின் அக்காவிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது கிளீட்டஸ் வந்தார். தனக்கு எப்படியும் மதுரையில் வலை இழுக்கிற கப்பி ஒன்று வாங்க வேண்டியிருக்கிறது, போகிற வழிதான், தானே மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னார். கடலோரத்தில் கிடைக்காத கப்பி மதுரையில் கிடைக்குமா என்று ரோஸ்லின் அக்கா கேட்டார். நான் கேட்கவில்லை. எனக்கு மெமரி வந்தால் போதும்.

"வெயில்ல வைக்கக் கூடாது. விரலால தகட்டத் தொடக் கூடாது. நனையக் கூடாது" என்று அடுக்கினேன். "மேடம், நான் எறாலையே ஐஸ் கொறையாமக் கொண்டு வாரவன்" என்றார்.

ஜூன் 7

வந்துவிட்டது! எவர்சில்வர் டிபன் பாக்ஸில்! வெள்ளிப் பை கிழியாமல், அதைச் சுற்றிப் புதுத் துண்டு. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். "கப்பி எங்க?" என்று கேட்டேன். சைஸ் கிடைக்கவில்லையாம்.

சொருகினேன், சுவிட்சைப் போட்டேன். திரை கறுப்பு. கறுப்பாகவே இருந்தது. இந்தப் பெரிய சர்வர்கள் முதல் தடவை மெமரியை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துத்தான் எழும்பும், நேரமாகும். தெரியும். தெரிந்தும் நொடியை எண்ணிக்கொண்டிருந்தேன். "செத்துட்டா?" என்று மெதுவாகக் கேட்டார் கிளீட்டஸ். "வாய மூடுங்க" என்றேன். அவரும் மூடினார்.

பிறகு எழுத்து வந்தது. மிரர் முறை இயங்குகிறது! நான் துள்ளிக் குதித்ததில் மணிக்கட்டுப் பட்டை வயர் இழுத்து என்னை மறுபடி உட்கார வைத்தது. அவர் சிரித்த சிரிப்பில் கீழே இருந்து ஆள் வந்துவிட்டது.

ஜூன் 9

இன்று பெரிய ரகளை. செயலாளர் கர்டோசா ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையை வாசித்தார். பில்லை வாசித்தார். மறுபடி திரையை வாசித்தார்.

"பிள்ள, பாதியக் காணல."

"இருக்கு ஐயா. அதான் மிரர்."

"என்ன மிரர்? வாங்குனது எரநூத்தம்பத்தாறு ஜிபி. இங்க நூத்தி இருபத்தெட்டுன்னு காட்டுது. மீதி எங்க? ஒன்ன நல்லா ஏமாத்திட்டான்."

அந்தப் பாதியும் வேலை செய்கிறது, முதல் பாதி எழுதுவதையே எழுதுகிறது, அதனால்தான் கணக்கில் வராது என்றேன். அப்படியென்றால் அது சும்மா கிடக்கிறது, கழற்றி ஐஸ் பேக்டரிக் கம்ப்யூட்டரில் போடலாம் என்றார்! நான் சர்வருக்கு முன்னால் கையை விரித்து நின்றுகொண்டேன். வேறு என்ன செய்ய?

நல்லவேளை, வாயில் சரியான வார்த்தை வந்தது. "ஐயா, ஒரு பாரு ஒரே ஆளுக்குத்தான் தெரியும்னா, அந்த ஆளு போயிட்டா என்ன ஆகும்?"

பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கிற பாறைத் திட்டு. மீன் அடைகிற இடம். ஒவ்வொரு டிரைவருக்கும் சொந்தமாக ஒரு பார் உண்டு, அதைச் சாகும்வரை வெளியே சொல்ல மாட்டார்கள். வீட்டு ஆள் ஒருவருக்கு மட்டும் சொல்லி வைப்பார்கள். தம்பிக்கோ, மகனுக்கோ, பெண்டாட்டிக்கோ. கர்டோசா ஐயாவின் அண்ணன் யாருக்கும் சொல்லாமலே மாரடைப்பில் போனவர். அந்தப் பாரை இன்றுவரை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப இது ரெண்டாவது ஆளு, அப்படித்தான?" என்றார். "அப்படித்தான் ஐயா" என்றேன். சரி, கிடக்கட்டும் என்று போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன். அவர் அண்ணனை இழுத்தது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.

ஜூன் 11

படகுகளின் பெயர்களைப் புதுச் சர்வரில் ஏற்றினேன். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நிறம் கொடுக்கலாம். 'கடல் விண்மீன்' ஆரஞ்சு. சும்மா, வரிசையில் அதுதான் வந்தது.

ஜூன் 13

டிரைவர்களுக்குக் கூட்டம் போட்டு, கருவியை எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள் என்று தொண்டை வற்றக் கத்தினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவரும் கேட்கப் போவதில்லை. பாருக்கு மேலே போனதும் கருவியை அணைத்துவிடுவார்கள், ரேடியோவிலும் பேச மாட்டார்கள். எங்கே நிற்கிறார்கள் என்று மற்றப் படகுக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமாம். சங்கத்துத் திரையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே!

கூட்டம் முடிந்து கிளீட்டஸ் மட்டும் நின்றார். "நீங்களும் அணைப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அணைப்பேன்."

"அப்ப புள்ளி மறைஞ்சா நான் என்னன்னு நெனைக்க? ஆளு இருக்கா, இல்லையான்னு நான் இங்க ஒக்காந்து..." அதற்கு மேல் வரவில்லை. வேலைக் களைப்பு.

அவர் திரைக்குப் பக்கத்தில் போய், வரைபடத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தார். "இங்க மறைஞ்சா பயப்படாத. வேற எங்கயாவது மறைஞ்சா பயப்படு" என்றார்.

எங்கே என்று இந்த டைரியில்கூட எழுத மாட்டேன்.

அவருடைய தம்பி மஸ்கட்டில். அப்பா இல்லை. அதனால் பாதுகாப்புக்காகக் கட்டுப்பாட்டு அறையில் பொறுப்பில் இருக்கிறவரிடம் சொல்லி வைத்திருக்கிறார். சரியான முடிவுதான். 'மேடம்' என்று சொல்லவில்லை என்பதை வீட்டுக்கு வந்தபிறகுதான் கவனித்தேன்.

ஜூன் 14

ஐஸ் லாரி, டீசல் லாரி, ஜெனரேட்டர் சத்தம். துறை முழுக்க ஒரே தலைகள். பங்குச்சாமியார் படகுகளை மந்திரித்துவிட்டு மாடிக்கும் வந்தார். தீர்த்தத்தைச் சர்வர் பக்கம் ஓங்கினார். நான் "சாமி, வாசல்லயே போதும்!" என்று அலறிவிட்டேன். வாசலில் தெளித்தார், என் மேல் நிறைய விழுந்தது.

ஜூன் 15

புறப்பட்டுவிட்டார்கள்! விடிவதற்கு முன் புள்ளிகள் துறைமுகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக் கிடந்தன. பிறகு துறைமுக வாயைத் தாண்டி ஒவ்வொன்றாக வெளியே வந்து விரிந்தன. ரோஸ்லின் அக்கா பெயர் பெயராகக் கூப்பிடுகிறார், ஒவ்வொரு படகும் பதில் சொல்கிறது. சர்வர் அசையவே இல்லை. நான் காலையிலிருந்து மூன்று டீ குடித்து, ஒன்றும் சாப்பிடாமல், பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஆரஞ்சுப் புள்ளி தெற்கே போகிறது.

ஜூன் 18

ஏசி பில்டரைக் கழுவினேன். உப்புக் காற்று, வாரம் ஒரு தடவை கழுவாவிட்டால் உள்ளே எல்லாம் உப்புப் பூத்துவிடும். மத்தியானம் 'கடல் விண்மீன்' மறைந்தது. எந்த இடத்தில் மறைய வேண்டுமோ அந்த இடத்தில். ரேடியோவிலும் சத்தம் இல்லை. சாயங்காலம் திரும்பி வந்தது. நான் பயப்படவே இல்லை. ரோஸ்லின் அக்காதான், "என்ன பிள்ள, நகத்தக் கடிச்சுத் தின்னுட்ட?" என்றார்.

ஜூன் 21

செத்துவிட்டது! ஒரு மெமரி செத்தேவிட்டது!

காலையில் அறைக்குள் நுழைந்ததும் சர்வர் முகப்பில் மஞ்சள் விளக்கு. பதிவைத் திறந்து பார்த்தால், விடியலில் ஒரு மெமரி திருத்த முடியாத பிழை செய்திருக்கிறது. சர்வர் அதை ஒதுக்கிவிட்டு ஜோடியிலிருந்து எடுத்துக்கொண்டது. ஒரு புள்ளிகூட மறையவில்லை. ரோஸ்லின் அக்கா பக்கத்திலேயே இருந்திருக்கிறார், அவருக்கு ஒன்றுமே தெரியாது! போன வருடம் இதே சாவுதான் எல்லாவற்றையும் நிறுத்தியது. நான் ரோஸ்லின் அக்காவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினேன்.

கர்டோசா ஐயா வந்து விளக்கைப் பார்த்தார். "கெட்டுப்போனதுக்கா இந்தக் கூத்து?" என்றார். கெட்டும் நிற்கவில்லை என்பதற்கு என்றேன். அவருக்கு ஏறவில்லை. மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டே போனார்.

மெமரியை மாற்ற அணைக்க வேண்டும். படகுகள் கரைக்கு வந்த பிறகுதான் அணைக்கலாம். அதுவரை அந்த இடத்துக்கு இரண்டாவது ஆள் கிடையாது. இருப்பது ஒன்றுதான். எனக்கும் அது தெரியும்.

ஜூன் 22

எழுதாமல் தூக்கம் வராது.

காலையிலிருந்தே கச்சான், அதாவது மேற்குக் காற்று. கரையிலேயே மணல் முகத்தில் அடித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் ஆரஞ்சுப் புள்ளி இல்லை.

கடைசியாகப் புள்ளி இருந்த இடத்தைப் பார்த்தேன். அந்த இடம் இல்லை. அவர் விரல் வைத்த இடத்துக்கும் இதற்கும் வெகுதூரம்.

ரோஸ்லின் அக்கா ரேடியோவில் கூப்பிட்டார். பதில் இல்லை. "பாருக்குப் போயிருப்பான். அங்க நின்னா வாயத் தொறக்க மாட்டானே" என்றார். அதற்குள் எப்படியோ தெரிந்து கர்டோசா ஐயா மேலே வந்துவிட்டார், அவர் பின்னால் பெண்கள். அதே மாடிப்படி, அதே பார்வை. கிளீட்டஸின் அம்மா முன்னால் நின்றார்.

"அணைச்சுப் போடு பிள்ள" என்றார் ஐயா. "மஞ்ச லைட்டு நேத்தே எரிஞ்சிச்சி. போன வருசமும் அணைச்சுப் போட்டப்பறந்தான எல்லாம் திரும்பி வந்துச்சி."

"மிஷின் நல்லா இருக்கு ஐயா. மத்த புள்ளி எல்லாம் நகருது, பாருங்க. மெமரி போனா எல்லாம் சேந்து போகும், ஒண்ணு மட்டும் போகாது. இப்ப அணைச்சா இது எழும்புற வரைக்கும் ஒரு படகும் தெரியாது. இந்தக் காத்துல அத்தன பேரையும் விட்டுரணுமா?"

"அப்ப அது எங்க?"

"அந்தப் படகுக்கு என்னமோ ஆயிருக்கு. பக்கத்துல 'ஆரோக்கிய அன்னை' நிக்கி. அத அனுப்புங்க."

சொல்லிவிட்டேன். உண்மையிலேயே சர்வர் பொய் சொன்னால்? மறுபடி பதிவைப் பார்த்தேன். நேற்றைய சாவைத் தவிர ஒரு பிழை இல்லை. சர்வர் உண்மைதான் சொல்கிறது. புள்ளி இல்லையென்றால் இல்லை. அதை நம்பத்தானே இவ்வளவும் செய்தேன்!

"அவன் பாருக்குப் போயி அணைச்சிருந்தான்னா?" என்றார் ஐயா. "அங்க இன்னொரு படக அனுப்பினேன்னு வையி, அவன் எம் மொகத்துல முழிப்பானா? ஒருத்தன் பாருக்குள்ள அடுத்தவன அனுப்பின செயலாளர்னு பேரு எனக்கு வேணுமா?"

"அது அவரு பாரு இல்ல ஐயா."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"அதான் எப்படின்னு கேக்கேன்."

மாடிப்படி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் காது சூடானது.

"அவரு எங்கிட்டச் சொல்லியிருக்காரு."

ரோஸ்லின் அக்கா மைக்கைக் கையில் பிடித்தபடி என்னையே பார்த்தார். கிளீட்டஸின் அம்மா இரண்டு படி மேலே ஏறி வந்தார்.

"எந்த எடம்?" என்று கேட்டார் ஐயா, மெதுவாக.

"அத நான் சொல்ல மாட்டேன். இது அந்த எடம் இல்ல. அது மட்டுந்தான் சொல்லுவேன்."

ஐயா என்னைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பிறகு ரோஸ்லின் அக்காவின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி, தானே கூப்பிட்டார். "ஆரோக்கிய அன்னை, ஆரோக்கிய அன்னை, கரை கூப்பிடுது. வலையப் போட்டது போட்டபடி வெட்டி விடு. நான் சொல்லுத எடத்துக்கு ஓடு."

வலையை வெட்டச் சொன்னார்! நான் சொன்னதை நம்பி!

அதன்பிறகு 'ஆரோக்கிய அன்னை'யின் பச்சைப் புள்ளி நகர்ந்ததைப் போல மெதுவாக உலகத்தில் எதுவும் நகர்ந்ததில்லை. காற்று எந்தப் பக்கம் தள்ளும் என்று ஐயா கணக்குப் போட்டு, கொஞ்சம் கிழக்கே போகச் சொன்னார். நான் மஞ்சள் விளக்கைப் பார்த்துக்கொண்டு, மீதி இருக்கிற அந்த ஒற்றை மெமரிக்கு ஜெபமாலை சொன்னேன். பாவமா தெரியாது. சாகாதே, இன்னும் கொஞ்ச நேரம் சாகாதே. அந்தப் பச்சைப் புள்ளியும் போய்விட்டால் நான் எங்கே போவேன்?

ரேடியோ கரகரத்தது. "கண்டாச்சி! பாதி முங்கிக் கெடக்கு. ஆளு எல்லாம் இருக்கு. எல்லாரும் இருக்காவ!"

அடிப்பலகை பிரிந்து என்ஜின் அறைக்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம். பேட்டரி முங்கியதும் கருவியும் செத்தது, ரேடியோவும் செத்தது. வாளியால் இறைத்துக்கொண்டே கிடந்திருக்கிறார்கள். இருட்டிவிட்டால் தாங்கியிருக்காது என்றார் ஐயா.

நான் சர்வர் மேல் தலையைச் சாய்த்து, சத்தம் போட்டு அழுதேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரியாது. அவர் இல்லையென்றால் எனக்கு ஒன்றுமே வேண்டாம். இதோ, எழுதிவிட்டேன்.

வீட்டில் அம்மா அடுத்தடுத்து இரண்டு காப்பி கொடுத்தாள்.

ஜூன் 23

கட்டி இழுத்துக்கொண்டு வந்து காலையில் சேர்த்தார்கள். துறை முழுக்கக் கூட்டம். கர்டோசா ஐயா எல்லோருக்கும் நடுவில் நின்று, "நான் அன்னைக்கே சொன்னேம்லா, அந்தப் பாதி வேணும்னு!" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லட்டும். அடுத்த பொதுக்குழுவில் அறையைப் பூட்டுகிற பேச்சே வராதாம்.

நான் கூட்டத்துக்குப் பின்னால் நிற்கலாம் என்றுதான் போனேன். கிளீட்டஸின் அம்மா கையைப் பிடித்து முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்திவிட்டார். கையை விடவும் இல்லை. ரோஸ்லின் அக்கா எனக்குப் பின்னால் நின்று முதுகில் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

அவர் இறங்கினார். உடம்பெல்லாம் டீசல், கண் சிவந்து கிடந்தது, உள்ளங்கை இரண்டும் வாளிக் கயிறு அறுத்துப் புண். நேரே என்னிடம் வந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்பார் என்று நினைத்தேன்.

"பாரச் சொல்லிட்டியா?" என்றார்.

"இல்ல. எங்கன்னு சொல்லல."

"அப்ப என்னதான் சொன்ன?"

"நீங்க எங்கிட்டச் சொல்லியிருக்கீங்கன்னு மட்டும் சொன்னேன்."

அவர் சுற்றிலும் பார்த்தார். வாயைப் பொத்திச் சிரிக்கிற பெண்களை, வேறு பக்கம் திரும்பிக்கொண்ட கர்டோசா ஐயாவை, என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த தன் அம்மாவை. அவ்வளவு கறுத்த முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"அதுக்கு நீ பாரையே சொல்லியிருக்கலாமே பிள்ள!" என்றார்.